பத்துக்குப் பத்து போட்ட வண்டி

கண்ணு,

உன் கம்பெனி வண்டியைக் கொடுத்துவிட்டேன். வாசலில் இப்போது நிற்பது அந்த இன்னொரு கம்பெனியின் வண்டி. பேரை எடுத்தாலே நீ சிரித்துக்கொண்டு காதைப் பொத்திக்கொள்வாயே, அதே கம்பெனிதான். தெருவில் யாராவது இதற்குள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருப்பார்கள். அனுப்பாவிட்டாலும் என்றைக்காவது நீ வரும்போது பார்க்கத்தான் போகிறாய். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். நீ எடுப்பதில்லை, அது ஒன்று. எடுத்தாலும் என்னால் முடியாது. மூன்று வருஷமாகப் போனில் உன்னிடம் ஒரே பொய்யைச் சொல்லி என் வாய் அதற்குப் பழகிக் கிடக்கிறது. "வண்டி எப்டி ஓடுது நைனா" என்று நீ கேட்ட மாத்திரத்தில் "அதுக்கு இன்னா, வெண்ணெ மாதிரி போவுது" என்று அது தானாகச் சொல்லிவிடும். கைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீயாக என்னை வாங்கச் சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் உன் தலையில் அதைக் கட்டக்கூடாது. உனக்கு டிரெய்னியாக வேலை கிடைத்து, நெஞ்சில் கம்பெனி பேர் போட்ட சட்டையோடு முதல் லீவில் நீ வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சேலைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு நூல் பாவை மூட்டையாகப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு ஆரணிக்கும் சேவூருக்கும் சுற்று ஊர்களுக்கும் தறிக்காரர் வீடு வீடாகப் போய், நூலைக் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி முதலாளியிடம் சேர்க்கிறவன் நான். எனக்கு வண்டிதான் கால். அப்போது என்னிடம் இருந்த கால், அந்த இன்னொரு கம்பெனி வண்டி, நல்ல கால். மழையிலும் நின்றதில்லை, மேட்டிலும் நின்றதில்லை. அதைத் தள்ளிவிட்டு உன் கம்பெனி வண்டியை எடுத்து வந்தேன். இப்போது நான் புதிதாக எங்கேயும் தாவவில்லை. விட்ட இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, உன் அம்மா பொட்டு வைக்கக் குங்குமக் கிண்ணத்தோடு நின்றாள். "இதுல நீ செஞ்சது எதுடா?" என்று கேட்டாள். நீ ஹேண்டிலுக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினாய். "இங்கமா. எல்லா ஒயரையும் ஒண்ணா கட்டி, இந்தச் சந்துல விட்டு கிளிப் போடறது எங்க எடம்." எல்லாரும் டேங்கில் பொட்டு வைப்பார்கள், அவள் அந்தச் சந்தில் விரலை விட்டு வைத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. "எம் புள்ள செய்யற வண்டி" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் பேச்சை நம்பி நம் தெருவிலேயே இன்னும் நான்கு வீட்டில் அதே வண்டியை எடுத்தார்கள். அவர்கள் வண்டியைப் பார்த்து வாங்கவில்லை, என் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள்.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. ஆறு மாசம் போவதற்குள் வண்டி நிற்க ஆரம்பித்தது. ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் மீட்டரில் விளக்கு நடுங்கும், இஞ்சின் அணைந்துவிடும். முதலில் நான் கிளட்ச்சைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகு தட்சணாமூர்த்தி வண்டியும் அப்படியே நின்றது. நம் எதிர்வீட்டுக்காரன், என்னைப் போலவே பாவு எடுத்துப் போகிறவன், என் பேச்சை நம்பி முதலில் வாங்கியவனும் அவன்தான். கொஞ்ச நாளில் ஐந்து வண்டிக்காரர்களும் லாரியைத் திருப்புவது போல அகலமாக வளைத்துத் திருப்பப் பழகிக்கொண்டோம். சந்தில் திருப்ப வேண்டுமென்றால் இறங்கித் தூக்கித் திருப்பினோம். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அப்போது கொஞ்சம் சிரிப்பு வந்ததுண்டு.

வேலூரில் உள்ள சர்வீஸ் சென்டரில்தான் காட்ட வேண்டும். வெளி மெக்கானிக் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள். ஒரு நாள் பொழைப்பை விட்டுவிட்டுப் போனால், ஒரு தடவை பேட்டரியை மாற்றுவார்கள், ஒரு தடவை ஃபியூஸ், ஒரு தடவை சுவிட்ச். "பார்ட்ஸ் வரணும் சார், வந்ததும் கூப்புடறோம்" என்பார்கள். கூப்பிட மாட்டார்கள். ஆனால் வேறொரு போன் தவறாமல் வரும். ஒரு பெண் பேசுவாள், நல்ல மரியாதையான குரல். "எங்க வண்டிக்கும் சர்வீசுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க சார்? ஏதாவது குறை இருந்தா சொல்லலாம்" என்பாள். நான் சாலையோரம் நின்றுபோன வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே "பத்தும்மா, ஒரு குறையும் இல்ல" என்று சொல்லியிருக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். கண்ணு, எனக்குத் தெரிந்தது தறி ஒன்றுதான். சேலையில் ஒரு இழை விட்டுப் போனால், முதலாளி மடிப்பைப் பிரித்த உடனே இது எந்த வீட்டுத் தறி, யார் உட்கார்ந்து நெய்தது என்று தெரிந்துவிடும். அந்தக் குறை நேராக அவன் கூலியில் போய் நிற்கும், அவன் பேரில் போய் நிற்கும். உன் கம்பெனியும் அப்படித்தான் என்று நினைத்தேன். நான் அந்தப் பெண்ணிடம் ஐந்து என்று சொன்னால், வண்டி நம்பரை வைத்துத் தேடி, கழுத்தில் ஒயர் கட்டியது யார் என்று பார்த்து, அந்த ஐந்தைக் கொண்டுபோய் உன் பேருக்கு நேராக எழுதிவிடுவார்கள், உன்னைப் பர்மனென்ட் ஆக்க மாட்டார்கள் என்று பயந்தேன். நான் மட்டும் பயந்தால் போதாதென்று மற்ற நான்கு வீட்டுக்கும் போய், "போன் வந்தா பத்துன்னு சொல்லிடுங்கப்பா, புள்ள பர்மனென்ட் ஆவட்டும்" என்று கேட்டுக்கொண்டேன். சொன்னார்கள். மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் சொன்னார்கள், ஆனால் சொன்னார்கள். நல்ல ஜனங்கள்.

வாரண்டி முடிந்த பிறகு, நீ லீவில் வருகிறாய் என்றால் முந்தின நாளே வண்டியைக் கொண்டுபோய் மார்க்கெட் பக்கத்து மெக்கானிக் பாயிடம் விடுவேன். அவர்தான் கழுத்தைப் பிரித்துப் பார்த்தார். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் ஒயர்க் கட்டு இரும்பில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. அவர் டேப் சுற்றிக் கொடுத்தால் நீ இருக்கிற இரண்டு நாளைக்குத் தாங்கும். நீயும் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பாய். அப்புறம் சாவியை ஆணியில் மாட்டுவாய். ஆசையாகப் பார்க்கிறான் என்று நானும் உன் அம்மாவும் நினைத்துக்கொண்டோம்.

ஒரு ஐப்பசி மழையில் சேவூர் ரோட்டில் வண்டி நின்றது. பின்னால் பாவு. மேலே இருந்த பிளாஸ்டிக் தாள் கிழிந்து, ஒதுங்க ஓர் இடம் தேடித் தள்ளிக்கொண்டு போவதற்குள் நனைந்துவிட்டது. அரக்குச் சாயம் இறங்கி மஞ்சளில் ஓடிவிட்டது. முதலாளி சத்தம் போடவில்லை. "வேற வண்டி பாரு, இல்லனா வேற வேலை பாரு" என்று மட்டும் சொன்னார். அப்போதும் நான் மாற்றவில்லை. தை வந்தால் உனக்குப் பர்மனென்ட் என்று நீ சொல்லியிருந்தாய். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று இருந்தேன். தை போன பிறகும் பர்மனென்ட் வரவில்லை, நானும் விடாமல் காத்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் நித்யா விஷயம். தட்சணாமூர்த்தியின் பெண்ணை உனக்குத் தெரியும், சின்ன வயசில் உன் சைக்கிளில் ஏறி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவள். அரசுத் தேர்வுக்கு இரண்டு வருஷம் படித்தாள். செய்யாறு டவுனில்தான் தேர்வு சென்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது என்று அப்பனும் பெண்ணும் விடிந்ததும் வண்டியில் கிளம்பினார்கள். பாதி வழியில், எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்க ஹேண்டிலை ஒடித்ததும் வண்டி நின்றுவிட்டது. என்ன செய்தும் கிளம்பவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியபோது கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

அன்று மத்தியானம் தட்சணாமூர்த்தி நம் வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல், சாவியை நிலைப்படியில் வைத்தான். "உம் புள்ள செஞ்ச வண்டிய நீயே வச்சிக்கண்ணா. உன்ன நம்பி பத்து பத்துன்னு சொல்லிகினு இருந்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அழுதான். நான் சாவியை எடுத்து உன் அம்மாவிடம் கொடுத்து, அவன் வீட்டு மாடத்தில் வைத்துவிட்டு வரச் சொன்னேன், என்னால் அந்த வாசலை மிதிக்க முடியவில்லை. நித்யா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் "சாப்டீங்களா பெரிப்பா" என்றுதான் கேட்கிறாள். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் பின்பக்கத் தெரு வழியாகப் போய்வருகிறேன்.

அப்போதாவது உனக்குப் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயந்திரம் நீயே பேசினாய். "ஹேண்டில் திருப்பறப்போ ஏதாச்சும் கட் ஆவுதா நைனா? லைட்டு கிட்டு நடுங்குதா?" என்று கேட்டாய். முன்னேயும் பல தடவை இதையே கேட்டிருக்கிறாய். நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்குமே. "ஒண்ணும் இல்ல கண்ணு, நீ உன் வேலையப் பாரு."

போன வாரம் சேவூர் பிரகாஷ் லீவில் ஊருக்கு வந்திருந்தான். உன்னோடு அதே கம்பெனியில் பெயின்ட் பக்கம் இருக்கிறவன். கடைத் தெருவில் பார்த்து, "எம் புள்ள எப்டி கீறான்பா, போன்ல சரியா பேசவே மாட்டேன்றான்" என்று கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. "உங்களுக்குத் தெரியாதா மாமா? அந்த வண்டி விக்கவே இல்ல மாமா, லைனையே மூடிட்டாங்க. டிரெய்னி பசங்க அத்தன பேரையும் அனுப்சிட்டாங்க. ஆடியிலயே" என்றான். ஆடியிலிருந்து நீ என்னிடம் "பி ஷிப்ட் நைனா, கிளம்பிகினு கீறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் வண்டி ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பனும் மகனும் நல்ல ஜோடி.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பிரகாஷ் நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். "அவன் ஒருத்தன்தான் மாமா லைன்ல வாயத் தொறந்தான். ஒயர் கழுத்துல ஒரசும் சார், கொஞ்ச நாள்ல தேஞ்சிடும்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னான். அவரு, எங்கனா ஒரு கம்ப்ளைண்ட் வந்துகீதா, கஸ்டமர் எல்லாம் பத்துக்குப் பத்து போடறாங்கன்னு மடக்கிட்டாரு. இவன், எங்க நைனாவே அந்த வண்டிதான் சார் ஓட்றாரு, கேட்டுச் சொல்றேன்னான். மறுநாள் வந்து, இல்ல சார், எங்க நைனாவும் ஒண்ணும் இல்லன்றாருன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். அப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

கண்ணு, நீ கேட்டது கேள்வி. நான் அதைக் குசலம் என்று நினைத்தேன். உன் கண் பார்த்த குறையை நீ என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்த்தாய், ஏனென்றால் அந்த வண்டியை ஓட்டுகிறவர்களில் உன்னிடம் பொய் சொல்ல மாட்டான் என்று நீ நம்பியது என்னைத்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உனக்கு வாய் இருந்தது, அதை என் கையாலேயே அடைத்தேன். என் ஒருவன் பேச்சால் அவ்வளவு பெரிய கம்பெனி சாய்ந்துவிட்டது என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை. நான் உண்மையைச் சொல்லி, நீ போய்ச் சொல்லியிருந்தாலும் அவர்கள் கேட்டிருக்க மாட்டார்களோ என்னவோ. பாய்கூட, "கட்னவன் மேல தப்பு இல்லபா, அந்தச் சந்துல ஒயர வுடச் சொன்னான் பாரு, அவன் தப்பு" என்றுதான் சொன்னார். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே. உன் கை தப்புச் செய்யவில்லை. ஆனால் நீ அங்கே நிமிர்ந்து நின்று சொன்ன ஒரு சொல்லை நீயே தின்னும்படி செய்தது நான். இதை எந்த மெக்கானிக்கிடம் காட்டுவது?

பிரகாஷ் சொன்னதற்கு மறுநாள் காலையிலேயே வண்டியைக் கொண்டுபோய் அந்த இன்னொரு கம்பெனி ஷோரூமில் விட்டேன். எக்ஸ்சேஞ்ச் பார்க்கிற ஆள் ஹேண்டிலைக்கூடத் தொடவில்லை. "இந்த மாடலா சார்" என்றான், அவ்வளவுதான். கிளம்பும்போது கழுத்துச் சந்தில் பார்த்தேன். உன் அம்மா வைத்த குங்குமம் எண்ணெயும் புழுதியுமாகக் கறுத்து இன்னும் கொஞ்சம் இருந்தது. புது வண்டி வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா வெளியே வரவில்லை. "அதுக்கு நான் பொட்டு வெக்க மாட்டேன்" என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டாள். எலுமிச்சம்பழமும் இல்லை.

நன்றாக ஓடுகிறது, கண்ணு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே அழுத்தில் கிளம்புகிறது. நேற்று சேவூருக்குப் போய், முதல் சந்திலேயே பழைய பழக்கத்தில் இறங்கித் தூக்கித் திருப்பப் போனேன். தறியில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, இதுவும் அதே கேஸா?" என்றான். ஏறி உட்கார்ந்து இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன். அணையவில்லை. ரோட்டோரம் நிறுத்திவிட்டு அழுதேன். இந்த வயசில் ஒரு வண்டி ஓடுகிறது என்பதற்காக அழுதவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளை மேல் வைத்த பாசத்தை ஒரு இரும்பு மேல் வைத்து, அதற்குக் காவல் காத்தவன் யாருக்கு என்ன சொல்வது? நீ அந்த ரூமில் யாரோடு இருக்கிறாய், எதைச் சாப்பிடுகிறாய் என்று தெரியவில்லை. பிரகாஷிடம் நான் பேசியது உன் காதுக்கு வந்ததிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. மறுபடியும் ஷிப்டுக்குப் போவதாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலை இல்லை என்று சொல். சும்மா படுத்துக் கிடக்கிறேன் என்று சொல். வந்துவிடு என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை, ஆனால் வந்தால் கதவு திறந்திருக்கும். வந்ததும் எதிர்வீட்டுக்குப் போய் நித்யாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், அதை நீதான் செய்ய முடியும், எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது.

இன்று காலையில் அந்தப் புதுக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வேறு பெண், ஆனால் அதே மாதிரி மரியாதையான குரல். பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். வாய் பத்து என்று கிளம்பியதைப் பிடித்து நிறுத்தினேன். "ஏழும்மா" என்றேன். ஏன் சார், என்ன குறை என்றாள். யாருடைய பிள்ளையோ மாட்டிய கண்ணாடி அது. "வலது கண்ணாடி ஆடுதும்மா" என்றேன். அவள் கோபப்படவில்லை. யார் மாட்டியது என்று கேட்கவில்லை. "சரிங்க சார், எழுதிக்கிட்டேன், அடுத்த சர்வீஸ்ல பாத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவ்வளவுதான் கண்ணு. அது அவ்வளவுதானாம்.

இப்படிக்கு,
உன் நைனா